பூச்சியுண்ணும் வௌவால்களின் குளிர்கால உணவு: ஆய்வு வரலாறு

குளிர்மிகு நாடுகளில் வாழும் பூச்சியுண்ணும் வௌவால்கள் உறக்கநிலை மாதங்களில் இரை தேடுகின்றனவா, தேடினால் எவற்றைத் தின்கின்றன என்று ஆராய்வது விலங்கியலின் ஒரு கிளைத்துறை. இதன் பெரும்பகுதி ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வளர்ந்தது. குளிர்காலம் முழுவதும் அவை பட்டினி கிடக்கின்றன என்பதே நெடுங்காலமாக நிலவிய கருத்து. அதைத் திருத்தியதில் பெரும்பங்கு அரிசிமணி அளவேயுள்ள வௌவால் புழுக்கைகளுக்கு உண்டு.

உறக்கமும் விழிப்பும்

இலையுதிர் காலத்தில் உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும் வௌவால்கள், குளிர் தொடங்கியதும் குகை, கைவிடப்பட்ட சுரங்கம், நிலவறை போன்ற இடங்களில் ஒதுங்குகின்றன. அவற்றின் உடல்வெப்பம் சுற்றுப்புற வெப்பத்தை ஒட்டி இறங்குகிறது. இதயத் துடிப்பும் மூச்சும் மிகக் குறைகின்றன. ஆனால் இந்த உறக்கம் இடையறாதது அல்ல. சில நாள்களுக்கோ சில வாரங்களுக்கோ ஒருமுறை அவை விழிக்கின்றன. சேமித்த கொழுப்பில் பெரும்பகுதி இந்த விழிப்புகளிலேயே கரைகிறது. இத்தனை செலவு செய்து விழிப்பது நீர் அருந்தவா, இணை சேரவா, இடம் மாறவா, இரை தேடவா என்ற கேள்வியே இத்துறையின் மையம்.

தொடக்ககாலக் குறிப்புகள்

இங்கிலாந்தின் செல்போர்ன் சிற்றூரைச் சேர்ந்த இயற்கையாளர் கில்பர்ட் ஒயிட் (1720-1793), வெப்பமானி 50 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டும்போது குளிர் மாதங்களிலும் வௌவால்கள் வெளிவருவதைக் குறித்துவைத்தார். அந்த வெப்பத்தில் அந்துப்பூச்சிகள் நடமாடுவதே காரணம் என்றும் எழுதினார். எனினும், பறப்பதைக் கண்ணால் காணலாம். இருட்டில் தின்பதைக் காண்பது அரிது. ஆக்ஸ்ஃபர்டின் எட்வர்ட் பால்டன் 1929இல் பிரித்தானிய வௌவால்களின் இரையைப் பற்றி விரிவான கட்டுரை வெளியிட்டார். வௌவால்கள் தின்றபின் உதிர்த்துவிட்ட பூச்சிச் சிறகுகள் போன்ற எச்சங்களே அக்காலத்தில் முக்கியச் சான்றாக இருந்தன.

ரேன்சமின் ஆய்வுகள்

தென்மேற்கு இங்கிலாந்தின் பெருங்குதிரைலாட வௌவால்களை ரோஜர் ரேன்சம் 1950களின் இறுதியிலிருந்து பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார். 1968, 1971 ஆண்டுகளில் அவர் வெளியிட்ட கட்டுரைகள், உறங்குமிடத்தின் வெப்பநிலைக்கும் விழிப்பின் இடைவெளிக்கும் உள்ள தொடர்பைக் காட்டின. வெளியே அந்திவேளையில் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியசுக்கு மேல் இருந்தால் பூச்சிகள் பறக்கும். வௌவாலுக்கும் இரை கிடைக்கும். ஒயிட் குறித்த 50 டிகிரி ஃபாரன்ஹீட்டும் இதே அளவுதான். கிர்ஸ்டி பார்க், காரெத் ஜோன்ஸ் ஆகியோருடன் இணைந்து ரேன்சம் 2000இல் வெளியிட்ட ஆய்வில், உடல்வெப்பத்தை அறிவிக்கும் சிறு வானொலிக் கருவிகள் வௌவால்களின் மேல் பொருத்தப்பட்டன. விழிப்புகள் அந்திப் பொழுதை ஒட்டியே அமைவதை அது காட்டியது.

புழுக்கை ஆய்வு

வௌவால் தன் இரையை நன்றாக மென்று விழுங்கும். ஆயினும் பூச்சியின் கைட்டின் ஓட்டுத் துண்டுகளில் பல செரிக்காமல் வெளியேறும். உலர்ந்த புழுக்கையை நீரிலோ ஆல்கஹாலிலோ ஊறவைத்து, நுண்ணோக்கியின் கீழ் ஊசிகளால் மெல்லப் பிரிப்பார்கள். அந்துப்பூச்சியின் சிறகுச் செதில், ஈயின் காலடி, வண்டின் முன்சிறகுச் சில்லு, சிலந்தியின் நகம் எனக் கிடைப்பவற்றை மாதிரித் தொகுப்போடு ஒப்பிட்டு இரையை அறிவார்கள். பெருங்குதிரைலாட வௌவாலின் குளிர்காலப் புழுக்கைகளில் சாண வண்டுகளும் ஒட்டுண்ணிக் குளவிகளும் இம்முறையில் கண்டறியப்பட்டன. சிறுகுதிரைலாட வௌவால் பற்றிப் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்த ஆய்வு 2011இல் வெளியானது; அதன் குளிர்கால இரையில் ஈ இனங்களே மிகுதி.

வட அமெரிக்காவில் எழுந்த ஐயம்

வட அமெரிக்காவில் விடை வேறாக இருந்தது. இண்டியானா மாநிலச் சுரங்க வாயிலில் பறந்த வௌவால்களை ஆராய்ந்த ஜான் விட்டேக்கரும் லெஸ்லி ரிஸ்லரும், குளிர்காலத்தில் அவை பறந்தாலும் உண்பதற்குச் சான்று அரிது என்று 1993இல் எழுதினர். குடலில் காணப்படும் கைட்டின், உறக்கத்துக்கு முன் தின்ற இரையின் மிச்சமாகவும் இருக்கலாம் என்பது இத்தகைய ஆய்வுகளின் சிக்கல். ஆனால் குளிர் சற்றுத் தணிந்த தென்பகுதிகளில் படம் மாறியது. வடக்குக் கரோலினா, வர்ஜீனியா மாநிலங்களின் எல்லையிலுள்ள பெரும் சதுப்புநிலத்தில் செவ்வௌவால்கள் குளிர்காலத்தில் தின்ற உணவை 1997இல் விட்டேக்கரும் அவர் குழுவினருமே பதிவு செய்தனர்.

மரபணு முறை

புழுக்கையிலுள்ள டி.என்.ஏ. துணுக்கைக் கொண்டு இரையை இனம் வரை அடையாளம் காணும் முறை 2009 வாக்கில் வௌவால் ஆய்வுக்கு வந்தது. பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னின்று, நட்டரர் வௌவால் பற்றி 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒரு புதிரை எழுப்பியது. கிடைத்த டி.என்.ஏ., குளிர்காலத்தில் புழுப்பருவத்தில் மட்டுமே வாழும் சில அந்துப்பூச்சி இனங்களுக்குரியது. அந்துப்பூச்சிக்கும் அதன் புழுவுக்கும் டி.என்.ஏ. ஒன்றுதான், காலத்தை வைத்துத்தான் பருவத்தைப் பிரித்தறிய முடியும். ஆகவே, பறக்கும் பூச்சிகளைத் துரத்துவதோடு, இலைமேல் ஊரும் புழுக்களையும் இவ்வௌவால்கள் கவ்வி உண்கின்றன என்பது தெளிவாயிற்று.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ரைலி பெர்னார்டின் குழு ஐந்து குளிர்காலங்களில், ஆறு உறங்குமிடங்களிலிருந்து வெளிவந்த 10 இனங்களைச் சேர்ந்த 2,044 வௌவால்களைப் பிடித்தது. 284 புழுக்கை மாதிரிகளிலிருந்து குறைந்தது 14 பூச்சி வரிசைகள் இனங்காணப்பட்டன. 2021இல் வெளியான இவ்வாய்வே வட அமெரிக்காவில் உறக்கநிலை கொள்ளும் வௌவால்களின் குளிர்கால உணவை மரபணு முறையில் அறிந்த முதல் முயற்சி.

பயன்பாடு

2006இல் நியூயார்க் மாநிலத்தில் முதலில் பதிவான வெண்மூக்கு நோய் இத்துறைக்கு அவசரத்தைக் கூட்டியது. உறங்கும் வௌவாலின் தோலில் வளரும் பூஞ்சை அதை அடிக்கடி விழிக்கவைத்து, கொழுப்பை முன்கூட்டியே தீர்த்துவிடுகிறது. இந்நோயால் பல இலட்சம் வௌவால்கள் மடிந்தன. குளிர்கால இரை இந்தக் கொழுப்பு இழப்பில் ஒரு பகுதியையாவது ஈடுசெய்யுமா என்பது அதனால் முக்கியமாயிற்று.

பிரிட்டனில் இந்த ஆய்வு மேய்ச்சல் நிலத்தோடு இணைகிறது. மாட்டுக்குக் கொடுக்கும் ஐவர்மெக்டின் என்ற குடற்புழு மருந்து சாணத்தில் வெளியேறி, அதில் வளரும் பூச்சிகளைக் கெடுப்பதை ரிச்சர்ட் வால், லெஸ்லி ஸ்ட்ராங் ஆகியோர் 1987இல் காட்டினர். சாண வண்டு குறைந்தால் குதிரைலாட வௌவாலின் உணவும் குறையும். குகை வாயிலுக்குக் கம்பிக்கதவு போட்டுக் காப்பதோடு வௌவால் பாதுகாப்பு முடிந்துவிடுவதில்லை. குகையைச் சுற்றியுள்ள புல்வெளியும் மரச்செறிவும் குளிர்காலத்திலும் வௌவாலின் உணவுக்களமே.