வானம் தோண்டிய கதை



எங்கள் ஊர்ப்பக்கம் அஸ்திவாரத்துக்குக் குழி வெட்டுவதை 'வானம் தோண்டுவது' என்பார்கள். தோண்டுவது பூமியை, பெயர் என்னவோ வானம்! போன கோடை விடுமுறையில் எங்கள் புது வீட்டுக்கு வானம் தோண்டினார்கள். அதையொட்டி வீட்டில் ஒரு பெரிய விவாதமே நடந்தது. அதற்காகத் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் மனை கரிசல் மண். கொத்தனார், "மூணடி தோண்டி கல்லு கட்டிரலாம் அண்ணாச்சி, போதும்" என்றார். இஞ்சினியரோ பைல் போட வேண்டும் என்றார். செலவு கூடுதல். "கண்ணுக்குத் தெரியாம மண்ணுக்குள்ள போறதுக்கு எதுக்கு இவ்வளவு காசு?" என்பது அப்பாவின் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் மனித இனம் இந்தக் கேள்விக்கு நிறையவே விலை கொடுத்திருக்கிறது.

முதலில் இத்தாலிக்குப் போவோம். பைசா கோபுரத்தை 1173-ல் கட்டத் தொடங்கினார்கள். சுமார் 14,500 டன் எடை. அதைத் தாங்கும் அஸ்திவாரத்தின் ஆழம் வெறும் 3 மீட்டர்தான்! கீழே இருந்தது மெத்தென்ற களிமண். மூன்றாவது அடுக்கு வரும்போதே சாயத் தொடங்கிவிட்டது. அதற்குள் போர் வந்து வேலை நூறு ஆண்டுகளுக்கு அருகே நின்றுபோனது. அதுதான் கோபுரத்தைக் காப்பாற்றியது. அந்த இடைவெளியில் களிமண்ணில் இருந்த நீர் மெல்ல வெளியேறி மண் இறுகிக்கொண்டது. நிற்காமல் கட்டியிருந்தால் அன்றே விழுந்திருக்கும் என்கிறார்கள் பொறியாளர்கள். 1990-ல் பார்வையாளர்களுக்கு மூடி, சாயாத பக்கத்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவி எடுத்து, சாய்வை அரை டிகிரி அளவுக்குக் குறைத்து 2001-ல் மறுபடி திறந்தார்கள். எந்த மண் கோபுரத்தைச் சாய்த்ததோ, அந்த மண்ணை வைத்தே நிமிர்த்தினார்கள்.

நம் ஊரிலும் ஒரு பாடம் இருக்கிறது. கல்லணை! காவிரி மணலில் எவ்வளவு தோண்டினாலும் பாறை கிடைக்காது. பெரிய பெரிய கற்களை மணல்மேல் போட்டார்கள். நீர் அரிக்க அரிக்க அவை புதைந்தன. மேலே இன்னும் கற்கள். இனி இறங்காது என்ற நிலை வந்ததும் அதுவே அஸ்திவாரம். 1830-களில் காவிரியில் வேலை செய்த ஆர்தர் காட்டன், ஆழம் தெரியாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை இந்த மக்களிடம்தான் கற்றோம் என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார்.

சரி, கான்கிரீட் எப்போது வந்தது? ரோமானியர்கள் சுண்ணாம்போடு எரிமலைச் சாம்பலைக் கலந்து கான்கிரீட் செய்தார்கள். பாந்தியன் கோயிலின் 43 மீட்டர் அகலக் குவிமாடம் இன்றும் நிற்கிறது. பிறகு அந்த வித்தை ஐரோப்பாவில் பெரும்பாலும் மறந்துபோனது. 1756-ல் ஜான் ஸ்மீட்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், கடல் நடுவே கலங்கரை விளக்கம் கட்டுவதற்காகச் சுண்ணாம்புக் கற்களைச் சோதித்தார். களிமண் கலந்த சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் அது தண்ணீருக்குள்ளும் இறுகும் என்று கண்டுபிடித்தார். அதே வழியில் 1824-ல் ஜோசப் ஆஸ்ப்டின் என்ற கொத்தனார் 'போர்ட்லண்ட் சிமெண்ட்'டுக்குக் காப்புரிமை வாங்கினார். 1867-ல் ஜோசப் மோனியே என்ற பிரெஞ்சுத் தோட்டக்காரர், பூந்தொட்டி உடையாமல் இருக்கச் சிமெண்டுக்குள் கம்பி வலை வைத்துக் காப்புரிமை வாங்கினார். இன்று நம் வீட்டு ஃபுட்டிங்கில் கம்பி கட்டுவதற்கு ஒரு பூந்தொட்டியும் காரணம் :-)

இந்தியாவில் சிமெண்ட் தயாரிக்கும் முதல் முயற்சி 1904-ல் சென்னையில் நடந்தது. அது நிலைக்கவில்லை. 1914-ல் போர்பந்தரில்தான் வெற்றி கிடைத்தது. அதுவரை நம் வீடுகளுக்குச் சுண்ணாம்பும் கடுக்காயும் வெல்லமும்தான்.

ஆனால் சிமெண்ட் மட்டும் நன்றாக இருந்தால் போதாது, மண்ணையும் படிக்க வேண்டும் என்று சொன்னவர் கார்ல் டெர்சாகி. 1925-ல் அவர் எழுதிய நூலோடுதான் மண் இயக்கவியல் தனித்துறை ஆனது. அதுவரை மண்ணைப் பற்றி அனுபவமும் ஊகமும்தான் பெரும்பாலும் வழிகாட்டின.

இனி எங்கள் கரிசல் மண்ணுக்கு வருகிறேன். மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். சித்தப்பா வீட்டுச் சுவரில் ஒரு விரிசல் உண்டு. சித்திரையில் விரல் நுழையும், ஐப்பசியில் பாதி மூடிக்கொள்ளும்! வீடு மூச்சு விடுகிறது என்று சின்ன வயதில் நினைத்திருக்கிறேன். அந்த வீட்டு அஸ்திவாரம் இரண்டடிதான்.

இதற்குத் தீர்வு தந்தது ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம். தரையில் துளை போட்டு, சுமார் மூன்றரை மீட்டர் ஆழத்தில் அடிப்பகுதியை மட்டும் குமிழ் போல, தண்டைவிட இரண்டரை மடங்கு அகலமாக்கிக் கான்கிரீட் நிரப்புவது. அந்த ஆழத்தில் மழையும் வெயிலும் மண்ணை அதிகம் அசைப்பதில்லை. மேல்மண் தூக்கினாலும் குமிழ் பிடித்துக்கொள்ளும். மேலே பைல்களை இணைக்கும் பீமுக்கு அடியில் கொஞ்சம் இடைவெளி விடுவார்கள், மண் உப்ப இடம் வேண்டுமே!

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. மறுநாள் காலை சித்தப்பா வீட்டுக்குப் போய் அந்த விரிசலில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு வந்தார். சாயங்காலம் இஞ்சினியருக்கு போன் செய்து, "மாடி ரூம் இப்ப வேண்டாம் சார். பைல் போட்டுருவோம்" என்றார். அந்த மாடி ரூம் எனக்கு என்று சொல்லி வைத்திருந்தது!

வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் மாடியைப் பத்து வருஷம் கழித்தும் கட்டலாம், அஸ்திவாரத்தை முடியாது. உங்கள் வீட்டில் கட்டட வேலை நடந்தால் குழியை மூடும் முன் ஒருமுறை எட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகு பார்க்கக் கிடைக்காது.