விரால் புண் பிறந்த கதை

ஐப்பசி, கார்த்திகை மழை கொட்டித் தீர்த்து, மார்கழிக் குளிரில் ஏரி நீர் சில்லிடும்போதுதான் அது வரும். முதலில் தோலில் செம்புள்ளி. பிறகு சதை அரித்து எலும்பு தெரிகிற அளவுக்குக் குழி. புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் பனிக்காலத்தில் விரால் வாங்குகிறவர் செவுளை மட்டும் பார்த்தால் போதாது. மீனைப் புரட்டி விலாவையும் வாலடியையும் பார்க்க வேண்டும்.

இந்தப் புண் நம் ஏரிகளில் பிறந்ததல்ல. 1971இல் ஜப்பானின் ஓய்ட்டா பகுதியில், பண்ணையில் வளர்த்த ஆயு மீன்களில் முதலில் பதிவானது. சதைக்குள் அஃபனோமைசிஸ் என்ற பூசண இழைகள் ஓடுவதை அங்கிருந்த ஆய்வாளர்கள் அப்போதே கண்டு எழுதினார்கள். அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியாவின் பண்டபெர்க்கில் இதே போன்ற புண். அங்கே அதைச் செம்புள்ளி நோய் என்றார்கள். தென்கிழக்கு ஆசியாவில் பரவி, 1987இல் இலங்கைக்கும் 1988இல் வங்கதேசத்தை ஒட்டிய நம் வடகிழக்கு மாநிலங்களுக்கும் வந்து, பிறகு தெற்கே இறங்கியது. புண் மீனைப் பார்த்த பயத்தில் ஜனங்கள் நல்ல மீனையும் ஒதுக்கினார்கள். மீனவக் குடும்பங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

1986இல் பாங்காக்கில் கூடிய நிபுணர்கள் இதைக் கொள்ளைப் புண் நோய் என்ற பொருளில் 'இ.யு.எஸ்.' என்று அழைத்தார்கள். ஆனால் காரணம் எது என்பதில் இழுபறி நீடித்தது. சிலர் வைரஸைப் பிரித்தெடுத்தார்கள், சிலர் ஏரோமோனாஸ் பாக்டீரியாவை. புண் என்று ஒன்று இருந்தால் தண்ணீரில் உள்ள கிருமிகளெல்லாம் அதில் குடியேறத்தானே செய்யும்! உண்மையான ஒட்டுண்ணியான அந்தப் பூசணமோ சதையின் ஆழத்தில் மெதுவாக வளர்வது. நம் உடம்புச் சூடான 37 டிகிரியில் வளரவே வளராது. மேலே படரும் வேறு பூசணங்கள் அதை முந்திக்கொள்ளும். 1990களின் தொடக்கத்தில்தான் அதைப் புண்ணின் உள்ளிருந்து பிரித்தார்கள். 1995இல் அதற்குத் தனி இனமாகப் பெயர் கிடைத்தது, இன்று அஃபனோமைசிஸ் இன்வேடன்ஸ் என்கிறோம். பிறகு ஒப்பிட்டபோது ஜப்பான், ஆஸ்திரேலியா, தென்கிழக்கு ஆசியா மூன்றிலும் ஒரே உயிர். முதல் ஆண்டிலேயே கண்டதை இத்தனை காலம் கோத்துப் பார்க்காமல் விட்டது எனக்கு இன்றும் ஆற்றாமைதான்.

மழைநீர் அடித்துவரும் அமிலம் மீனின் தோலைப் புண்ணாக்கும், குளிர் அதன் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும். நீந்தி வரும் வித்துகள் அந்த இடத்தில் ஒட்டி முளைத்து, உள்ளே இழை விடும். ஆகவே குளம் வைத்திருப்பவர்கள் பனிக்கு முன்பே சுண்ணாம்பு இட வேண்டும். புவனேஸ்வர் நன்னீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனம் உருவாக்கிய சிஃபாக்ஸ் மருந்தும் உண்டு: ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் ஹெக்டேருக்கு ஒரு லிட்டர். பெரிய ஏரியில் இவை எதுவும் செல்லாது. விராலும் குறவையும் எளிதில் விழும், திலாப்பியா தாங்கும்.

இந்தப் பூசணம் மனிதரைத் தொற்றாது. ஆனாலும் புண்ணில் வேறு கிருமிகள் இருக்கும். அந்த மீனைக் குழம்புக்கு எடுக்காதீர்கள், கழுவிய தண்ணீரைக் குளத்தில் கொட்டவும் வேண்டாம்.