தேன்கூடும் ஈயமும்: வினையூக்கி மாற்றியின் வரலாற்றிலிருந்து

1995 ஏப்ரலில் தில்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் ஆகிய நான்கு பெருநகரங்களில் விற்பனையாகும் புதிய பெட்ரோல் கார்களில் வினையூக்கி மாற்றி இருத்தல் வேண்டும் என்னும் விதி நடைமுறைக்கு வந்தது. எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணைகளின் தொடர்ச்சி அது. அதனுடன் ஈயமற்ற பெட்ரோலும் அந்நகரங்களுக்கு வந்து சேர்ந்தது. இவ்விரண்டும் ஏன் ஒன்றாக வந்தன என்பதை அறியக் கருவியின் வடிவமைப்புக்குள் செல்லவேண்டும்.

பிரான்சில் பிறந்து அமெரிக்காவில் பணிபுரிந்த யூஜின் ஊத்ரி, 1950களிலேயே புகையைத் தூய்மையாக்கும் வினையூக்கிகளை உருவாக்கினார். ஆயினும் அன்றைய பெட்ரோலில் டெட்ராஎத்தில் ஈயம் கலந்திருந்தது. எரிந்த ஈயம் வினையூக்கியின் மேற்பரப்பில் படிந்து அதைச் செயலிழக்கச் செய்தது. கருவி இருந்தும் எரிபொருள் அதற்கு ஒவ்வவில்லை.

1970இன் அமெரிக்கத் தூய காற்றுச் சட்டம் இம்முடிச்சை அவிழ்த்தது. 1975ஆம் ஆண்டு மாடல் கார்களைக் குறிவைத்துப் பல நிறுவனங்கள் முனைந்தன. சில, வினையூக்கி உருண்டைகளை ஒரு பெட்டியில் நிரப்பின. அவை அதிர்வில் தேய்ந்தன. கார்னிங் நிறுவனத்தின் பேக்லி, லாக்மன், லூயிஸ் ஆகியோர் கார்டியரைட் என்னும் பீங்கானைத் தேன்கூடுபோல் நுண்துளைகளுடன் வார்த்தெடுக்கும் வழியைக் கண்டனர். வெப்பத்தில் மிகக் குறைவாகவே விரிவடையும் பொருளாதலால், குளிர்ந்த காலையில் ஓடத் தொடங்கும் காரின் திடீர்ச் சூட்டிலும் அது வெடிப்பதில்லை. துளைகளின் சுவரில் அலுமினா பூசி, அதன்மேல் சில கிராம் பிளாட்டினம், பல்லேடியம் தூவினால் போதும். இவ்வரலாற்றின் உண்மையான நாயகன் விலையுயர்ந்த உலோகமன்று, இந்தப் பீங்கானே என்பது என் கணிப்பு.

நைட்ரஜன் ஆக்சைடைச் சிதைப்பது வேறு சிக்கல். கார்பன் மோனாக்சைடை எரிக்க ஆக்சிஜன் வேண்டும். நைட்ரஜன் ஆக்சைடைச் சிதைக்கவோ ஆக்சிஜன் மிகக்கூடாது. பெட்ரோல் 1 பங்குக்குக் காற்று 14.7 பங்கு என்ற குறுகிய எல்லையில்தான் இரண்டும் கைகூடும். எங்கல்ஹார்ட் நிறுவனத்தின் மூனி, கீத் குழுவினர் ரோடியத்தைச் சேர்த்து மும்முனை வினையூக்கியை அமைத்தனர். ஆக்சிஜன் உணரியுடன் இணைந்த அம்முறை 1977ஆம் ஆண்டு மாடல் வோல்வோ காரில் கலிஃபோர்னியச் சாலைக்கு வந்தது.

இந்தியாவின் 1995ஆம் ஆண்டு கார்களில் பலவும் கார்ப்புரேட்டர் கொண்டவை. அத்தகைய நுண்கட்டுப்பாடு அவற்றில் இல்லை. மேலும், நகரெல்லை தாண்டினால் ஈயப் பெட்ரோல்தான் பெரும்பாலும் கிடைத்தது. சில முறை அதை நிரப்பினாலே மாற்றி பாழாகும். விதியோ புதிய நான்கு சக்கர வாகனங்களுக்கு மட்டுமே உரியது. சாலையை நிறைத்திருந்த இருசுழற்சி இயந்திர ஸ்கூட்டர்கள் அதற்கு வெளியே நின்றன. 2000 பிப்ரவரியில்தான் நாடு முழுவதும் ஈயம் நீங்கியது.

மாணவர்கள் பலர் கவனிக்கத் தவறும் ஓரிடமும் இங்குண்டு. ஈயம் தந்த ஆக்டேன் எண்ணை ஈடுசெய்யச் சுத்திகரிப்பு ஆலைகள் பென்சீன் முதலிய அரோமாட்டிக் சேர்மங்களை நாடின. மாற்றி பொருத்திய காரில் அவற்றின் மிச்சம் பெரும்பாலும் எரிந்துவிடும். ஆனால் அதே பம்பில் அதே பெட்ரோலை நிரப்பிக்கொண்ட பழைய கார்களில் மாற்றி இல்லை. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் தில்லியில் எழுந்த பென்சீன் விவாதம் இங்கிருந்தே தொடங்குகிறது.