பொட்டிப்புரம் நியூட்ரினோ ஆய்வகம்

தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில், பொட்டிப்புரம் அருகே போடி மேற்கு மலையைக் குடைந்து அமைக்கத் திட்டமிடப்பட்ட துகள் இயற்பியல் ஆய்வுக்கூடம். பெரியகுளத்திலிருந்து தேனி, போடி வழியாகத் தேவாரம் நோக்கிச் சென்றால் சாலைக்கு மேற்கே தெரியும் மலைகளில் ஒன்று இது. ஊர்க்காரர்களுக்கு அம்பரப்பர் மலை.

  இங்கு ஆராயப்பட இருந்த துகள் நியூட்ரினோ. இயற்கையே அதை ஒரு பக்கம் சுழலவிட்டு அனுப்புகிறது. நியூட்ரினோ இடக்கைச் சுழற்சி, எதிர்நியூட்ரினோ வலக்கைச் சுழற்சி. இதற்கு அடிப்படையான கோட்பாட்டை 1957இல் ராபர்ட் மார்ஷாக்குடன் சேர்ந்து உருவாக்கிய ஜார்ஜ் சுதர்சன், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்தவர்.

வந்தது இவ்விரண்டில் எது என்று கண்டுபிடிப்பதில்தான் சிக்கல். நியூட்ரினோ எதனுடனும் எளிதில் மோதாது. மோதும்போது எதிர்மின் மியூவான் என்ற துகளை உண்டாக்கும். எதிர்நியூட்ரினோ நேர்மின் மியூவானை உண்டாக்கும். காந்தப் புலத்தில் இவ்விரண்டும் எதிரெதிர்ப் பக்கம் வளையும். அதற்காகவே இந்த ஆய்வகத்துக்கு 50,000 டன் காந்த இரும்பு திட்டமிடப்பட்டது. பூமியைத் துளைத்து வரும் இருவகைத் துகள்களையும் ஒப்பிட்டால், மூன்று நியூட்ரினோக்களில் எது கனமானது என்ற வரிசை பிடிபடும்.

இரும்புத் தகடுகளுக்கு இடையே சுமார் 29,000 கண்ணாடிப் பெட்டிகள். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே 2 மில்லிமீட்டர் இடைவெளி, அதில் வாயுக் கலவை, குறுக்கே ஏறத்தாழ 10,000 வோல்ட். மியூவான் புகுந்தால் வாயு அயனியாகி மின்துடிப்பு எழும்; எழுந்த நேரம் நானோவினாடி அளவில் பதிவாகும். கலவையில் 95 விழுக்காடு ஆர்-134ஏ, அதாவது கார் ஏசியில் ஓடும் அதே வாயு. நாலரை விழுக்காடு ஐசோபியூட்டேன், கிளம்பும் புறஊதா ஒளியை விழுங்க. மிச்சமுள்ள துளி சல்ஃபர் ஹெக்சாஃபுளோரைடு, மின்பொறி பெரிதாகாமல் எலெக்ட்ரான்களைப் பிடித்துவைக்க. முதலும் கடைசியும் கடுமையான பசுமைக்குடில் வாயுக்கள். திட்டத்தை எதிர்த்த மேடைகளில் கதிர்வீச்சு குறித்த அச்சம் முழங்கிய அளவுக்கு, இந்த வாயுக்கள் பற்றிய உண்மையான கேள்வி பேசப்படவில்லை.

மலை எதற்கு? வானிலிருந்து பொழியும் மியூவான்களை வடிகட்ட. எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத பாறை வேண்டும். கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் 1965இலேயே வளிமண்டல நியூட்ரினோவைக் கண்டவர்கள் இந்திய ஆய்வாளர்கள். அந்தச் சோதனைகள் 1990களில் முடிவுக்கு வந்தன. புதிய இடமாக முதலில் நீலகிரியின் சிங்காரா தேர்வானது. முதுமலைப் புலிகள் காப்பகம் பக்கத்தில் இருந்ததால் 2009இல் கைவிடப்பட்டது.

போடியிலும் காடு குறுக்கே வந்தது. 2018 மார்ச்சில் மத்திய அரசு சுற்றுச்சூழல் அனுமதி தந்தது. மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருப்பதால் தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதலும் தேவை என்று அதே ஆண்டு நவம்பரில் பசுமைத் தீர்ப்பாயம் கூறியது. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு, புலிகளின் வழித்தடத்தைக் காட்டி, திட்டத்தை ஏற்க இயலாது என உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

மலை குடையப்படவில்லை. மதுரையில் 85 டன் எடையுள்ள சிறிய மாதிரி 2018 முதல் இயங்குகிறது. எடை வரிசை என்ற அதே கேள்வியோடு, சீனாவின் ஜூனோ கருவி 2025 ஆகஸ்டில் தரவு சேகரிக்கத் தொடங்கியது.