பார்த்துப் போட்டதுதான்

"பார்த்துப் போட்டதுதான் மேடம். என்னோடதுன்னு சொல்ல இதுல ஒண்ணும் இல்ல."

குற்றாலத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு ஜூலை மாதக் காலை. முதுகலை மாணவி ஒருத்தி தான் பின்னிய ஒயர்க்கூடையை என் மேசைமேல் வைத்துவிட்டு இப்படிச் சொன்னாள். சிவன்கண் கூடை. பக்கத்து வீட்டு அக்கா கட்டத்தாளில் வரைந்து கொடுத்ததைப் பார்த்து முடிச்சு எண்ணிப் போட்டது. ஆனால் தாளில் இருந்தது இரண்டு நிறம். கூடையின் மேல் நான்கு வரிசையில் மூன்றாவதாக ஒரு பச்சை ஓடியது. அவள் அம்மா பாதியில் விட்ட ஒயர் வீட்டில் கிடந்ததாம். உள்பக்கம் பஸ் பாஸ் வைக்க ஒரு சிறு பை. தென்காசி பஸ் நெரிசலில் அறுந்துவிடாமலிருக்கக் கைப்பிடிக்கு இரட்டை ஒயர். இவ்வளவையும் செய்துவிட்டுத்தான் தன்னுடையது ஒன்றுமில்லை என்றாள்.

அன்று நான் நடத்த வேண்டிய பாடம் திருக்குற்றாலக் குறவஞ்சி. அதுவும் ஒரு மாதிரியைப் பார்த்துச் செய்யப்பட்டதுதான். தலைவன் உலா வருவான், பந்தாடும் தலைவி அவனைக் கண்டு காதல் கொள்வாள், குறத்தி வருவாள், மலைவளம் சொல்வாள், கைபார்த்துக் குறி சொல்வாள், சிங்கன் சிங்கியைத் தேடி வருவான். இந்த வரிசை இலக்கண மரபு கொடுத்த கட்டத்தாள். குற்றாலத்துக்குப் பக்கத்து மேலகரத்தில் பிறந்த திரிகூட ராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் அந்தக் கட்டத்துக்குள் தன் ஊர் மலையையும் அருவியையும் குரங்கையும் கொண்டுவந்து நிறுத்தினார். மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் அவருக்கு நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சிமேடு என்றே பெயர். கவிராயரைப் பார்த்து எழுதியவர் என்று எந்த உரையாசிரியரும் சொன்னதில்லை. மரபை ஆண்டவர் என்கிறோம். மாதிரிக்குள் நின்று ஓர் ஆண் எழுதினால் மரபு, ஒரு பெண் பின்னினால் நகல் என்று எப்போது பிரித்தோம்?

குற்றாலத்தை ஒட்டிய செங்கோட்டை ஒரு காலத்தில் திருவிதாங்கூர் அரசின் பகுதி. நாகர்கோவிலும் அப்படித்தான். இரண்டும் 1956-ல்தான் நம் மாநிலத்தோடு சேர்ந்தன. அந்த நாகர்கோவிலில் 1820களில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரிப் பெண் பள்ளிச் சிறுமிகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலைசா 1844-ல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது லேஸும் கூடப் போயிற்று. திண்டின்மேல் துளையிட்ட அட்டையை விரித்து, துளைதோறும் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் பின்ன வேண்டும். பூவும் கொடியும் ஐரோப்பாவிலிருந்து வந்தவை. ஆனால் ஒரே அட்டையில் இரண்டு பெண்கள் பின்னினால் இரண்டு லேஸ்தான் வரும். நூலை ஒருத்தி இறுக்கி இழுப்பாள், ஒருத்தி தளர விடுவாள். அந்த இழுப்பை எந்த அட்டையும் சொல்லித் தராது.

லேஸ் பின்னியவர்களில் அடிமைகளாகப் பிறந்த பெண்களும் இருந்தார்கள். கூலியைச் சேர்த்துத் தம்மை விலைகொடுத்து மீட்டவர்கள் உண்டு. திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855-ல்தான். அதற்குப் பிறகும் அந்த மண்ணில் ஒரு பெண் தன் உடம்பை எந்த மாதிரியில் மூடலாம் என்பதை அரசு தீர்மானித்தது. தோள்சீலைப் போராட்டத்தின் முடிவில் 1859-ல் வந்த ஆணை நாடார் பெண்கள் மார்பை மூடிக்கொள்ளலாம் என்றது. உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் மட்டும் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னது. மாதிரியை யார் வகுக்கிறார்கள், அதிலிருந்து விலகினால் யாருக்குத் தண்டனை என்பது அலங்கார விஷயமல்ல என்று அந்த ஆணை எனக்குக் கற்பித்தது. மார்த்தாவின் பெயரும் எலைசாவின் பெயரும் நூல்களில் இருக்கின்றன. பின்னிய கைகள் பெரும்பாலும் 'பெண்கள்' என்ற பன்மைக்குள் நின்றுபோயின.

என் அம்மா தென்காசியில் பீடி சுற்றினார். அவருக்கும் ஒரு மாதிரி இருந்தது: தகரத் தகடு. நனைத்த இலைமேல் தகட்டை வைத்து அதன் அளவுக்கே கத்தரிக்க வேண்டும். கொஞ்சம் பருத்தாலோ இளைத்தாலோ கடையில் கழித்துப் போடுவார்கள். கழித்ததற்குக் கூலி இல்லை. வீட்டில் இருந்து சுற்றுபவளும் தொழிலாளிதான் என்று 1966ஆம் ஆண்டின் பீடித் தொழிலாளர் சட்டம் ஏற்றுக்கொண்டது. கழிவின் பயம் மட்டும் அம்மாவின் விரலைவிட்டுப் போகவில்லை. பகல் முழுவதும் ஆயிரம் பீடியும் ஒன்றுபோல இருந்தால்தான் சோறு.

விடியற்காலை வாசலில் அவருக்குத் தகடு கிடையாது. வாரப்பத்திரிகைக் கோலங்களை வெட்டி நோட்டில் ஒட்டியிருந்தார். ஐந்தாம் வகுப்புவரை படித்தவர், ஓரத்தில் பென்சிலால் எழுதுவார்: 'ரெண்டு புள்ளி கூட்டணும்', 'மூலையில தாமரை வேண்டாம்'. அப்படியே போட்டால் என்ன என்று கேட்டதற்கு, "ஏட்டி, அது புஸ்தகத்துக் கோலம். நம்ம வாசல் சின்னதுல்லா?" என்றார்.

1974-ல் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலத்தின் விதிகளைக் கணினி அறிவியலின் இலக்கணமாக எழுதிக் காட்டினார்கள். இலக்கணம் இருக்கும் இடத்தில் பேசுகிறவளும் இருப்பாள். அம்மாவின் பென்சில் குறிப்புகள் அவர் பேசியவை.

இதை நான் தாமதமாகத்தான் உணர்ந்தேன். என் முனைவர்பட்ட ஆய்வு பாடபேதம் பற்றியது. ஏடு பெயர்த்து எழுதியவர் ஒரு சொல்லை மாற்றியிருந்தால் அதற்கு அடிக்குறிப்பு எழுதினேன், காரணம் தேடினேன். அதே ஆண்டுகளில், வெள்ளையடிக்க வீட்டை ஒழித்தபோது, அம்மாவின் இரண்டு கோலநோட்டுகளில் ஒன்றைப் பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டது நான்தான். அம்மா எதுவும் சொல்லவில்லை. அதில் இருந்தவையும் பாடபேதங்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. யாரோ போட்ட கோலம், பார்த்து ஒட்டியது என்றுதான் நினைத்தேன். அந்த மாணவி சொன்ன அதே வாக்கியம்.

அதனால் அன்று குறவஞ்சியைத் தொடங்கும் முன் அவளிடம் ஒரு தாள் கொடுத்தேன். மாதிரி யாருடையது, எதை அப்படியே வைத்தாய், எதை ஏன் மாற்றினாய், மூன்றையும் எழுது என்றேன். நம் வீட்டுப் பின்னலுக்கும் தையலுக்கும் இந்த மூன்று வரி இருந்தால் போதும். பன்மைக்குள் மறைந்த பெண்கள் ஒவ்வொருவராக வெளியே வருவார்கள். மாதிரி கொடுத்தவளின் பெயரும் அதில் இருக்கும்.

அவள் யோசித்து யோசித்து எழுதினாள். மூன்றாவது வரி இப்படி இருந்தது: 'மேல் நாலு வரிசை பச்சை. அம்மாவால் முடிக்க முடியாமல் போனது.' தாளைக் கொடுக்கும்போது கீழே தன் பெயரையும் அம்மாவின் பெயரையும் போட்டிருந்தாள். அதை நான் சொல்லவில்லை.