கால்டுவெல் இல்லம், இடையன்குடி

திருநெல்வேலி மாவட்டத்தில் திசையன்விளைக்கு அருகே, தேரி மணலும் பனைகளும் சூழ்ந்த இடையன்குடியில் உள்ள முன்னாள் குருமனை. மொழியறிஞர் ராபர்ட் கால்டுவெல் (1814–1891) ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இவ்வூரில் பணியாற்றினார்.

1838இல் சென்னை வந்திறங்கிய கால்டுவெல், 1841இல் எஸ்.பி.ஜி. என்னும் ஆங்கிலிகன் மிஷனரிச் சங்கத்தின் குருவாக இங்கு வந்து சேர்ந்தார். நீலகிரி வழியாக வந்த அந்த நெடும்பயணத்தின் பெரும்பகுதியை நடந்தே கடந்தார். அதற்கு முன்பே ஊரில் சிறு சபை ஒன்று இருந்தது. 1844இல் அவர் மணந்த எலைசா, நாகர்கோவில் மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மகள். தமிழை நன்கு பேசக்கூடியவர். பெண் பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி நடத்தி, லேஸ் பின்னலும் கற்றுக்கொடுத்தார்.

இல்லம் ஓட்டுக்கூரை வேய்ந்த எளிய வீடு. இதன் கட்டுமானத்தைப் பற்றி எழுதியோர் குறைவு. எல்லோர் கவனமும் அருகிலுள்ள தூய திரித்துவ ஆலயத்தின் மேல்தான். 1847இல் அடிக்கல் நாட்டிய அவ்வாலயம் 1880இல்தான் பிரதிஷ்டையானது. இடையே கழிந்தவை 33 ஆண்டுகள். கூர்வளைவுச் சன்னல்களைக் கண்டிராத உள்ளூர்க் கொத்தர்களுக்காக, கால்டுவெல் தம் கையாலேயே களிமண்ணில் மாதிரி பிடித்துக் காட்டினார் என்பர். அதைப் பார்த்துப் பார்த்து அவர்கள் கல்லில் செதுக்கினார்கள். தெருக்களை நேராக வகுத்து, கிணறு வெட்டி, மரம் நட்டு ஊரையே அவர் திருத்தி அமைத்தார்.

திராவிட மொழிகளைப் பற்றிய கால்டுவெல்லின் ஒப்பிலக்கண நூல் இவ்வில்லத்தில் எழுதப்பட்டதாகப் பொதுவாகச் சொல்வதுண்டு. அதற்கான உழைப்பின் பெரும்பகுதி இடையன்குடி ஆண்டுகளுக்கு உரியது எனக் கொள்ளலாம். ஆயினும் 1856இல் நூல் லண்டனில் அச்சேறியபோது ஆசிரியர் விடுப்பில் இங்கிலாந்தில் இருந்தார். எந்தப் பகுதி எங்கே உருப்பெற்றது என்று அறுதியிட இயலாது. 1849இல் நாடார் சமூகத்தைப் பற்றி அவர் வெளியிட்ட நூல் அச்சமூகத்தாரிடையே கடும் எதிர்ப்பைக் கிளப்பியது.

1877இல் ஆயரான கால்டுவெல் 1883இல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். 1891 ஆகஸ்ட் 28 அன்று கொடைக்கானலில் காலமானார். உடல் இடையன்குடிக்குக் கொண்டுவரப்பட்டு, அவர் கட்டிய ஆலயத்துக்குள் அடக்கம் செய்யப்பட்டது.

இடையன்குடி இல்லம் 2011இல் தமிழ்நாடு அரசின் நினைவு இல்லமாயிற்று. ஆலயத்தில் வழிபாடு தொடர்ந்து நடைபெறுகிறது.