டி ஏஞ்செலிஸ் விமானம் (மதராஸ், 1910)

டி ஏஞ்செலிஸ் விமானம் என்பது 1910 மார்ச் மாதத்தில் மதராஸில் பறக்கவிடப்பட்ட இரட்டை இறக்கை விமானம் ஆகும். மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய ஜியாகோமோ டி ஏஞ்செலிஸ் அதைத் தாமே வடிவமைத்தார். சிம்சன் நிறுவனத்தின் பட்டறை கட்டிக் கொடுத்தது. இந்தியாவில் முதன்முதலாகப் பறந்த விமானம் இதுவே என்பது சென்னை வரலாற்றை எழுதியோர் பலரின் கருத்து. ஆனால் நம் மாணவர்கள் மனப்பாடம் செய்வது அலகாபாத்தை மட்டுமே.

டி ஏஞ்செலிஸை இத்தாலியர் என்று சிலரும் கோர்சிகத் தீவினர் என்று சிலரும் எழுதுகின்றனர். உணவு, இனிப்பு வணிகத்தில் தொடங்கி, பின்னர் நகரின் பெயர்பெற்ற ஓட்டல் ஒன்றுக்கு உரிமையாளரானவர். பொறியியல் அவர் தொழில் அன்று. 1909 ஜூலை 25 அன்று பிரான்சின் லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் கடந்த செய்தி உலகெங்கும் பரவியது. அந்த ஆர்வம் மதராஸிலும் ஒருவரைப் பற்றிக்கொண்டது. எட்டு மாதங்களுக்குள் அவர் விமானம் தயாராகிவிட்டது!

இதில் சிம்சன் நிறுவனத்தின் பங்கைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1840இல் தொடங்கிய அந்நிறுவனம் குதிரை வண்டிகள் கட்டுவதில் பெயர் பெற்றது. 1903இல் அங்கே பணியாற்றிய சாமுவேல் ஜான் கிரீன் நீராவிக் கார் ஒன்றையும் கட்டினார். அக்கால விமானத்துக்கு வேண்டியவை எவை? எடை குறைந்த மரச் சட்டம், இழுத்துக் கட்டிய கம்பி, அதன்மேல் துணி, சிறிய இயந்திரம், சக்கரம். இயந்திரம் நீங்கலாக மற்றவை வண்டி கட்டும் தச்சருக்கும் கொல்லருக்கும் பழகிய வேலைகளே. நான் படித்த குறிப்புகளில் ஓட்டல்காரரின் பெயர் இருக்கிறது, நிறுவனத்தின் பெயர் இருக்கிறது, அந்தச் சட்டத்தை இழைத்த தச்சரின் பெயர் மட்டும் இல்லை.

முதலில் பல்லாவரத்தில் சோதனைப் பறப்பு நடந்தது. பிறகு தீவுத்திடலில் கட்டணம் வாங்கிக்கொண்டு பொதுமக்களுக்குக் காட்டினார். ஓட்டல்காரர் அல்லவா, கணக்கு தெரிந்தவர்!

அலகாபாத்தின் பெருமையும் பொய்யன்று. அங்கே 1910 டிசம்பரில் விமானங்கள் பறந்தன. 1911 பிப்ரவரி 18 அன்று ஆன்றி பெக்கே சுமார் 6,500 கடிதங்களுடன் நைனிக்குப் பறந்தார். உலகின் முதல் அதிகாரபூர்வ விமான அஞ்சல் அதுவே. ஆனால் அந்த விமானங்கள் வெளிநாட்டில் செய்யப்பட்டுக் கப்பலில் வந்தவை. மதராஸ் விமானம் உள்ளூரில் கட்டியது, காலத்தால் ஒன்பது மாதம் முந்தியது. பாடநூல்கள் இரண்டையும் சொல்லலாம், இடம் ஒன்றும் போதாமல் போகாது.

அந்நாளில் சொந்தமாக விமானம் கட்டியோருக்குப் பெரிய அபாயம், வேகம் குறைந்ததும் இறக்கை தூக்கும் திறனை இழந்து விமானம் விழுந்துவிடுவது. ஸ்பெயினின் ஹுவான் டி லா சியர்வா 1919இல் தம் விமானம் அவ்வாறு நொறுங்கியதைக் கண்டு வேறு வழி தேடினார். 1923 ஜனவரியில் அவரது ஆட்டோஜைரோ பறந்தது. அதன் தலைக்கு மேலுள்ள சுழல் இறக்கையை இயந்திரம் சுற்றுவதில்லை. இயந்திரம் வண்டியை முன்னே தள்ள, கீழிருந்து மேலேறும் காற்றே இறக்கையைச் சுற்றுகிறது, காற்றாடி சுற்றுவது போல. அதனால் இயந்திரம் நின்றாலும் மெல்ல இறங்கலாம். ஹெலிகாப்டரைப் போல ஒரே இடத்தில் நிற்கத்தான் முடியாது. 1950களில் அமெரிக்காவின் ஐகர் பென்சன் இதைச் சிறியதாக்கி, கைரோகாப்டர் எனப் பெயரிட்டு, வரைபடமாகவும் உதிரிபாகமாகவும் விற்றார். அதன்பின் பலர் வீட்டுக் கொட்டகையிலேயே கட்டத் தொடங்கினர். எளிது என்று நம்பி, பயிற்சி இன்றி ஏறி இறந்தோரும் உண்டு. கைப்பிடியைச் சட்டென முன்னே தள்ளினால் இறக்கைக்குக் கீழிருந்து வரும் காற்று குறைந்து, சுழற்சி தளர்ந்துவிடும். உயரத்தில் அதை மீட்பது அரிது.

குழாய் வளைத்தல், பற்றவைத்தல், லேத்தில் தண்டு கடைதல் ஆகியவை இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள பட்டறைகளில் அன்றாட வேலைகள். எண்ணூரில் 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் பின்னர் அசோக் லேலண்ட் ஆயிற்று. திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலை வந்தது. என்னிடம் படித்த பிள்ளைகள் பலர் போய்ச் சேர்ந்ததும் இத்தகைய தொழில்களில்தான். எனவே கைத்திறனுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கட்டியதைப் பறக்கவிடுவது வேறு செய்தி.

டி ஏஞ்செலிஸ் பறந்தபோது இந்தியாவில் விமானச் சட்டமே இல்லை. முதல் சட்டம் 1911இல் வந்தது. பின்னர் 1934இன் விமானச் சட்டமும் 1937இன் விதிகளும் வந்தன. இப்போது 2024இன் பாரதிய வாயுயான் சட்டம் நடைமுறையில் உள்ளது. பதிவு, பறக்கும் தகுதிச் சான்று, விமானி உரிமம் ஆகியவற்றை விமானப் போக்குவரத்து இயக்குநரகம் கவனிக்கிறது. மும்பை காந்திவலியில் குடியிருப்பின் மொட்டைமாடியில் ஆறு இருக்கை விமானம் கட்டிய விமானி அமோல் யாதவுக்கு, பல ஆண்டு அலைச்சலுக்குப் பிறகு, 2017இல்தான் பதிவுச் சான்று கிடைத்தது.